களக் குறிப்பேடுகள் பழைய பேப்பர் கடைக்குப் போகலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீர்ப்பறவைக் கணக்கெடுப்பைப் பற்றித் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்த செய்தியையும், கழுத்தில் தொலைநோக்கி தொங்கக் கண்மாய்க் கரையில் வரிசையாக நிற்கும் கல்லூரி மாணவ மாணவியரின் படத்தையும் பார்த்தேன். சினிமாவுக்கும் அரசியலுக்கும் நடுவே நாரைக்கும் நாமக்கோழிக்கும் நான்கு பத்தி இடம் ஒதுக்கியதற்கு நன்றி. செய்தியின் கடைசி வரி, சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு பறவைகள் அதிகம் என்று முடிந்திருந்தது. அந்த வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் நாளிதழை மடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். நிருபரைக் குறை சொல்வதற்கில்லை; அவரிடம் கொடுத்த கணக்கை அவர் எழுதியிருக்கிறார். ஆனால், அதே கண்மாயில் பத்தாண்டுகளுக்கு முன்பு எத்தனை பறவைகள் இருந்தன, இருபதாண்டுகளுக்கு முன்பு எந்த மரத்தில் எத்தனை கூடுகள் இருந்தன என்று அவர் கேட்டிருந்தால், பதில் சொல்ல யாரிடமாவது காகிதம் இருந்திருக்குமா என்பதே என் கேள்வி.

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையில் இருபத்தேழு ஆண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் துறை மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஊரில் கேட்டால், 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று ஊர்வலம் போவார்கள், ஜூன் 5ஆம் தேதி மரக்கன்று நடுவார்கள்' என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். அது உண்மையில் துறையின் வேலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரும்பகுதி எண்ணுவதும் அளப்பதும் குறித்து வைப்பதுமாகவே கழியும். விடியற்காலை நான்கரை மணிக்கு இரண்டு சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பி, ஊர் முக்கில் அப்போதுதான் பாய்லரைப் பற்றவைக்கும் கடையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு, கண்மாய்க் கரையேறி, வெளிச்சம் வருவதற்குள் இடம் பிடித்து உட்கார வேண்டும். மாதத்தில் எட்டு நாள், மூன்று ஆண்டு. சேற்றில் வழுக்கி விழுந்து நான்காயிரம் ரூபாய்த் தொலைநோக்கியைத் தண்ணீரில் விட்டு அழுத மாணவியை எனக்குத் தெரியும். அழுது முடித்துவிட்டு, மீதி இருந்த ஏழு மரங்களையும் வெறுங்கண்ணால் எண்ணிவிட்டுத்தான் கரையேறினார்.

இந்த வேலையின் உயிர் களக் குறிப்பேட்டில் இருக்கிறது. பேனாவால் எழுதக்கூடாது, மழையில் மை ஓடிவிடும், பென்சிலால்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் துறையில் சேர்ந்த முதல் வாரத்துப் பாடம். அப்படி என் மாணவர் ஒருவர் பென்சிலால் எழுதிய ஒரு பக்கம் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. அதிலுள்ளதை அப்படியே தருகிறேன் (கலுங்கு என்பது கண்மாயின் உபரித் தண்ணீர் வழிந்தோடும் கற்கட்டு): 'காலை 6.10. மேகமூட்டம். மடைக்குக் கிழக்கே நாட்டுக் கருவேல மரம், எண் 14. நத்தைகுத்தி நாரைக் கூடு ஒன்பது. ஒரு கூட்டில் குஞ்சு மூன்று. நீர்மட்டம் கலுங்கில் இரண்டாம் கல்வரிசை. மடை திறக்கும் பெரியவர் சொன்னது: தை பொறந்தும் தண்ணி இந்தக் கல்லுக்கு நின்னா குஞ்சு பறந்துரும் தம்பி, இறங்கிருச்சுன்னா பாதிக் கூடு அம்போதான்.'

அந்த மாணவரின் ஆய்வேடு ஆங்கிலத்தில் இருநூற்றுச் சொச்சம் பக்கம். அதில் மேற்படி பக்கம் என்னவாக மாறியது தெரியுமா? நீர்மட்டத்திற்கும் கூடுகளின் எண்ணிக்கைக்கும் புள்ளியியல் முறையில் பொருட்படுத்தத்தக்க தொடர்பு உண்டு என்ற ஒரு வரியாகவும், அதன் கீழே ஒரு வரைபடமாகவும் மாறியது. அது தவறில்லை, ஆய்வேட்டின் இலக்கணம் அப்படி. ஆனால் பதினான்காம் எண் மரம் போய்விட்டது, இரண்டாம் கல்வரிசை போய்விட்டது, எந்தக் கருவியும் இல்லாமல் அந்தத் தொடர்பை நாற்பதாண்டுகளாக அறிந்து வைத்திருந்த பெரியவரும் போய்விட்டார். ஆய்வேட்டை நெறிப்படுத்தியவன் நான்தான். 'கிராமத்து ஆள் சொன்னதையெல்லாம் ஆய்வேட்டில் போடாதே, புறத் தேர்வாளர் சிரிப்பார்' என்று சொன்னவனும் நான்தான் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அதைவிடப் பெரிய தவறு பின்னால் நடந்தது. தர மதிப்பீட்டுக் குழு வருகிறது என்று ஒரு கோடை விடுமுறையில் கட்டடம் முழுக்க வெள்ளையடித்தார்கள். பதிவறை என்ற பெயரில் இருந்த சின்ன அறையில், பதினோரு ஆண்டுகளில் வெவ்வேறு மாணவர்கள் விட்டுச்சென்ற குறிப்பேடுகள், கரையான் அரித்ததும் அரிக்காததுமாகக் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அந்த அறையைக் காலி செய்து கணினி ஆய்வகம் ஆக்குவது என்று முடிவானது. தேவையற்ற காகிதங்களை அகற்றலாம் என்ற குறிப்பில் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். எது தேவையற்றது என்று அந்தக் குறிப்பில் இல்லை. மூன்று நாள் கழித்து ஊரிலிருந்து திரும்பியபோது அறை காலி. பழைய பேப்பர் கடையைத் தேடிப் போனேன். பெரும்பகுதி லாரி ஏறிவிட்டது. எடை போடாமல் ஓரத்தில் கிடந்த பதினொரு குறிப்பேடுகளைக் கிலோ பன்னிரண்டு ரூபாய் என்று கடைக்காரர் விலை சொல்ல, மறுபேச்சில்லாமல் கொடுத்து வாங்கி வந்தேன். மேலே எடுத்துக்காட்டிய பக்கம் அவற்றில் ஒன்றிலிருந்துதான்.

இதனால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். சில ஆண்டுகள் கழித்து அதே கண்மாயைத் தூர்வாரவும், உள்வாயில் நின்ற நாட்டுக் கருவேல மரங்களை ஏலம் விட்டு வெட்டவும் திட்டம் வந்தது. தூர்வாருவதை ஊரில் யாரும் எதிர்க்கவில்லை. தண்ணீர் இல்லாமல் வயல் ஏது? வடக்குப் பக்கம் பறவைகள் கூடு கட்டும் மரங்களை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டார்கள். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடாமல் இருக்கிறார்கள் என்பது தமிழ்நாடறிந்த செய்தி. அப்படிப்பட்ட ஊர்கள் இந்தப் பக்கத்தில் இன்னும் உண்டு. விசாரிக்க வந்த அதிகாரி நியாயமானவர். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: 'எந்தெந்த மரத்தில், எத்தனை ஆண்டாகக் கூடு கட்டுகின்றன? எழுத்தில் இருக்கிறதா?' ஊர்க்காரர்கள் எங்கள் துறையைக் கைகாட்டினார்கள், 'உங்க பிள்ளைங்கதானே வருசா வருசம் வந்து எண்ணுனாங்க?' என்று. நூலகத்திலிருந்து ஒரு ஆய்வேட்டை எடுத்துக் கொடுத்தோம். அதில் மூன்று ஆண்டுக் கணக்கு இருந்தது, வரைபடம் இருந்தது, மரங்களின் எண் இல்லை. பதினோரு ஆண்டு எண்ணியதற்கு எங்களிடம் சாட்சி இல்லை. என்னிடம் தப்பிக் கிடந்த குறிப்பேடுகளும் தொடர்ச்சியற்றவை. நடுவில் நான்கு ஆண்டுகள் முழுதாகக் காணோம். மரங்களை வெட்டினார்கள்.

மூன்று ஆண்டுக் கணக்கு போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்த விரும்புகிறேன். முனைவர் பட்டத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழு விதித்திருக்கும் குறைந்தபட்சக் காலம் மூன்று ஆண்டு. மாணவரின் உதவித்தொகைக்கும் பெற்றோரின் பொறுமைக்கும் அது சரியாக இருக்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு அந்த விதி தெரியாது. 2015இல் சென்னையும் கடலூரும் வெள்ளத்தில் மிதந்தன. அடுத்த ஆண்டே, 2016இல், வழக்கமான வடகிழக்குப் பருவமழையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு பொய்த்துத் தமிழ்நாடு நூறாண்டு காணாத வறட்சியைக் கண்டது. ஒரு மாணவர் 2013இல் கணக்கெடுக்கத் தொடங்கி 2015இல் முடித்திருந்தால் நீர்ப்பறவைகள் பெருகிவருகின்றன என்று எழுதியிருப்பார். 2015இல் தொடங்கி 2017இல் முடித்தவர் அவை அழிந்துவருகின்றன என்று எழுதியிருப்பார். இருவரும் பொய் சொல்லவில்லை, இருவரும் நன்றாக உழைத்தவர்கள், இருவருக்கும் பட்டம் கிடைத்திருக்கும். இருவரின் குறிப்பேடுகளையும் அவர்களுக்கு முன்னும் பின்னும் வந்தவர்களின் குறிப்பேடுகளோடு ஒரே மேசையில் அடுக்கினால்தான் கண்மாயில் நடப்பது என்ன என்று விளங்கும்.

தொடர்ந்து குறித்துவைப்பதன் பயனைச் சென்னைக் கடற்கரையில் பார்க்கலாம். அங்கே மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல், பங்குனி ஆமைகள் முட்டையிடும் பருவத்தில், நள்ளிரவில் நடந்து சென்று கூடுகளைத் தேடி எடுத்துப் பாதுகாத்துவருகிறார்கள். அவர்களுக்கும் முன்னால், 1970களின் தொடக்கத்திலேயே, சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த இளைஞர்கள் அதே மணலில் நடந்திருக்கிறார்கள். 2025 ஜனவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்துக் கரையொதுங்கியபோது, 'ஆமை எல்லா வருடமும்தானே ஒதுங்குகிறது' என்று சொல்லி யாராலும் அதைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. எல்லா வருடமும் எத்தனை ஒதுங்குகிறது என்பது அந்த நடையர்களின் நோட்டுகளில் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் உயிரியல் படித்தவர்கள்கூட இல்லை என்பதை எங்கள் துறைகள் சற்று வெட்கத்தோடு கவனிக்க வேண்டும்.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலிருந்து இன்னொரு பாடம் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை வந்துபோன சில மாதங்களில், அந்த மையத்தின் பேராசிரியர் கதிரேசனும் அவருடைய சக ஆய்வாளர் ராஜேந்திரனும் அந்தக் கரையோரத்துப் பதினெட்டுக் குக்கிராமங்களில் ஏற்பட்ட உயிரிழப்பையும் பொருளிழப்பையும் பட்டியலிட்டு, பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகள் ஊர்களைக் காத்தன என்று 2005இல் எழுதினார்கள். மறு ஆண்டே வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலர் அதே எண்களை எடுத்து மறுபடி கணக்கிட்டு, சேதம் குறைந்ததற்குப் பெரும் காரணம் காடு அல்ல, கடலிலிருந்து ஊர் இருந்த தூரமும் மேட்டின் உயரமும்தான் என்று மறுத்தார்கள். யார் சொன்னது சரி என்பதில் இன்றும் விவாதம் உண்டு. அந்தக் காட்டின் சுரபுன்னை, தில்லை மரங்களைப் பார்த்து வளர்ந்தவர்களின் மனம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறு. ஊர்வாரியாக எண்கள் அச்சில் வெளிப்படையாக இருந்ததால்தான், உலகின் மறுகோடியில் இருந்தவர்களாலும் அவற்றைச் சோதித்துச் சண்டை போட முடிந்தது. எங்கள் கண்மாய் விஷயத்தில் சண்டை போடுவதற்குக்கூட எண்கள் இல்லை.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் எடுத்த சூரியனின் படங்களைக் கண்ணாடித் தகடுகளில் பாதுகாத்து, இப்போது எண்மப் படங்களாகவும் மாற்றி, உலகம் முழுவதற்கும் திறந்துவைத்திருக்கிறார்கள். ஒன்பது கோடி மைல் தொலைவிலுள்ள சூரியனுக்குச் செய்ததை, ஒன்பது மைல் தொலைவிலுள்ள கண்மாய்க்குச் செய்ய நமக்கு ஏன் மனம் வரவில்லை?

இதை மாணவர்களின் அலட்சியம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. அது கிடைப்பவர்கள் சிலர். கிடைப்பவர்களுக்கும் மாதா மாதம் வருவதில்லை. ஆறு மாதம் தேங்கி, வந்த அன்றைக்கே பழைய கடனுக்குப் போய்விடும். உதவித்தொகையே இல்லாமல் மாலையில் தனிப்பயிற்சி நடத்தி, அந்தப் பணத்தில் பெட்ரோல் போட்டுக் களத்துக்குப் போனவர்கள் என்னிடமே நான்கு பேர் படித்தார்கள். பட்டம் முடித்த மறுநாள் அவர்கள் வேலை தேடி ஓட வேண்டும். குறிப்பேட்டை யாரிடம் ஒப்படைப்பது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. வாங்கிக்கொள்ளத் துறையில் ஆளும் இல்லை. சிலர் வீட்டுப் பரணில் போட்டார்கள். ஒரு மாணவியின் திருமணத்துக்குப் பிறகு அவருடைய அம்மா அந்த நோட்டுகளின் எழுதாத பக்கங்களில் பால் கணக்கு எழுதிவந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது எல்லாம் கைப்பேசியிலேயே பதிவாகிவிடுகிறதே என்று இளைய நண்பர்கள் சொல்கிறார்கள். கண்ட பறவைகளைப் பட்டியலிடும் ஈபேர்ட் செயலியில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் செய்துவரும் பணி பெரிது. 2015 முதல் ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பள்ளிப் பிள்ளைகள்கூடப் பங்கெடுக்கிறார்கள். அதை நான் மதிக்கிறேன், நானும் அதில் பட்டியல் இடுகிறேன். ஆனால் அன்றைக்கு எந்தப் பறவை எத்தனை கண்டேன் என்பதே அந்தப் பட்டியலின் நோக்கம். கலுங்கில் தண்ணீர் எந்தக் கல் வரை நின்றது, எந்த மரம் பட்டுப்போனது, மீன் குத்தகைக்காரர் வலை போட்டது எந்த வாரம், மடைப் பெரியவர் என்ன சொன்னார் என்பதற்கெல்லாம் அதில் தனிக் கட்டம் கிடையாது. ஒரு கண்மாயின் சரித்திரம் பெரும்பாலும் இந்தக் கட்டமில்லாத விஷயங்களில்தான் இருக்கிறது.

பல்கலைக்கழகங்களையும் உயர்கல்வித் துறையையும் நான் கேட்பது பெரிய நிதி அல்ல. ஆய்வேட்டின் மின்படியை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேமிக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் ஏற்றாமல் பட்டம் இல்லை என்று விதி செய்யத் தெரிந்தவர்களுக்கு, களக் குறிப்பேட்டின் மூலத்தையோ தெளிவான ஒளிப்படப் படியையோ துறையில் ஒப்படைத்து ரசீது வாங்காமல் வாய்மொழித் தேர்வு இல்லை என்று இன்னொரு வரி சேர்க்க எவ்வளவு நேரமாகும்? மாணவரின் உழைப்பை மற்றவர் திருடிவிடக்கூடும் என்ற அச்சம் நியாயமானது. அவர் கட்டுரை எழுதி முடிக்க இரண்டு மூன்று ஆண்டு மூடிவைத்துவிட்டுப் பிறகு திறக்கலாம். ஆமைக் கூடு, கழுகுக் கூடு, அரிய செடி இருக்கும் இடங்களை வெளியில் சொன்னால் திருடர்களுக்கு வழிகாட்டியதாகிவிடும் என்பதும் உண்மைதான். அத்தகைய பக்கங்களை மட்டும் வனத்துறைக்கும் துறைத் தலைவருக்கும் என்று ஒதுக்கிவைக்கலாம். இவையெல்லாம் தீர்க்க முடியாத சிக்கல்கள் அல்ல.

இதோடு, ஆய்வு நடந்த ஊருக்கு அதன் சாரத்தைத் தமிழில் பத்துப் பக்கத்துக்கு எழுதிக் கொடுப்பதையும் கட்டாயமாக்க வேண்டும். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும். நான் புரட்டிப் பார்த்த சில பதிவேடுகளில் வேம்பு, புளி, காகம், மைனா என்று எந்த ஊருக்கும் பொருந்தும் பட்டியலே இருந்தது. அந்த ஊர்க் கண்மாயில் மூன்றாண்டு உட்கார்ந்து எழுதிய ஆய்வு பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் தூங்குகிறது. ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதட்டும், ஆட்சேபம் இல்லை. ஆனால், டீ வாங்கிக் கொடுத்து, பாம்பு இருக்கும் இடம் சொல்லி, இருட்டில் கூட வந்து நின்ற ஊராருக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போவது முறையல்ல. தமிழில் எழுதச் சொன்னால் மாணவர் தடுமாறுவார் என்கிறார்கள். தடுமாறட்டும். தான் கண்டது என்ன என்று அவருக்கே அப்போதுதான் தெளிவாகும். என் மாணவர்கள் இருவரிடம் இதைச் செய்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

மூன்றாவதாக ஒன்று, இதற்குச் சிறிது பணம் வேண்டும். ஒவ்வொரு துறைக்கும் களப் பதிவாளர் என்று நிரந்தரமாக ஒருவர் தேவை. முனைவர் பட்டம் வேண்டாம். அந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்து, பறவையும் மரமும் மண்ணும் தெரிந்த, தெளிவாக எழுதக்கூடிய ஒருவர் போதும். மாணவர்கள் மாறுவார்கள், பேராசிரியர்கள் ஓய்வு பெறுவார்கள்; ஆண்டுதோறும் அதே மாதத்தில் அதே கரையில் நின்று அதே மரங்களை எண்ணுபவர் மாறக்கூடாது. இருபதாண்டு அப்படி எங்களோடு வந்த களப் பணியாளர் ஒருவர் கடைசி வரை தினக்கூலியாகவே இருந்து வேலையை விட்டுப் போனார். எந்த நாரை எந்த மரத்துக்குத் திரும்பி வரும் என்பது எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் தெரியும்.

என்னிடமுள்ள பதினொரு குறிப்பேடுகளையும் வெயிலில் உலர்த்தி, வேப்பிலை இட்டு, ஒரு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தையும் பேரன் கைப்பேசியில் படம் எடுத்துத் தந்திருக்கிறான். எழுதிய மாணவர்களில் ஒன்பது பேரைத் தேடிப்பிடித்துச் சம்மதமும் வாங்கிவிட்டேன். இரண்டு பேரை இன்னும் தேடுகிறேன். இந்த வட்டாரத்தில் எந்தப் பல்கலைக்கழகமோ கல்லூரியோ அந்தப் பெட்டியைப் பெற்றுக்கொள்ள முன்வந்தாலும், என் செலவில் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். கையெழுத்திட்ட ரசீது ஒன்று மட்டும் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சூழலியல் ஆசிரியர் ஒருவர்,
சிவகங்கை மாவட்டம்.